உடும்புக்குப் பெயர் வைத்தது யார்

ஜூலை 2, செவ்வாய்

வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. குக்கர் கேஸ்கட்டும் போய்விட்டது. இரண்டையும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் பதிவுத் தபால் வந்தது. கோயம்புத்தூர் வக்கீல் நோட்டீஸ், மூன்று பக்கம்.

'உடும்பு விஷன்' என்று ஒரு கண்காணிப்புக் கேமரா கம்பெனியாம். 'உடும்பு' என்ற சொல்லை மென்பொருள் வகையில் வணிகக்குறியாகப் பதிவு செய்திருக்கிறார்களாம். அதே பெயரில் நான் கொடுத்துவரும் வீடியோ பிளேயர் அவர்களுடைய வாடிக்கையாளர்களைக் குழப்புகிறதாம். பதினைந்து நாளில் பெயரை எடுக்காவிட்டால் வழக்காம்.

யார் யாரைக் குழப்புவது? இரண்டு வருடமாக அவர்களுடைய வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது நான். 'கேட்டுக்கு மேல் உள்ள உடும்பு திரும்ப மாட்டேன் என்கிறது, ஆள் அனுப்புங்கள்' என்று போன வாரம்கூட ஒருவர் எனக்கு மெயில் போட்டிருந்தார். பொறுமையாகப் பதில் எழுதினேன். அதற்கு நன்றி இது.

பதிமூன்று வருடம். நான் வைத்த பெயர், நான் வளர்த்த பிளேயர். ஒரு பைசா வாங்காமல், யார் வேண்டுமானாலும் அதன் கம்ப்யூட்டர் கோடைப் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்ததற்கு இந்த மரியாதை.

கேஸ்கட் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

பர்வீன் மேடத்திடம் போனில் பேசினேன். வணிகக்குறி வழக்குகள் பார்க்கும் வக்கீல். எங்கள் கல்லூரிக்கு ஒருமுறை வந்து பேசியிருக்கிறார்.

"எப்போலேருந்து இந்தப் பேர்ல குடுக்கறீங்க மேடம்?"

"2011லேருந்து."

"அவங்க 2016லேருந்து பயன்படுத்தறதா பதிவுல சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடியே உங்களுக்குப் புழக்கத்துல இருந்துச்சுன்னு எழுத்துல காட்டினா போதும், பதிவு பண்ணலைன்னாலும் உங்கள அசைக்க முடியாது. ஆமா, ஏன் பதிவு பண்ணாம விட்டீங்க?"

"கோடே எல்லாருக்கும் பொதுன்னு குடுத்தாச்சு. அப்புறம் பேரை மட்டும் பூட்டி வைக்கறதான்னு..."

"கோடு பொது மேடம். பேரு பொது இல்ல. நீங்க கதவையும் திறந்து வெச்சு, வாசல்ல மாட்டின போர்டையும் கழட்டிக்கோன்னு விட்டுட்டீங்க. சரி, ஆதாரம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். எங்கள் உலகத்தில் ஒரு வசதி உண்டு. கோடில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பது ஒன்றுவிடாமல் பதிவாகும். மாற்ற வரலாறு என்போம். கல்வெட்டு மாதிரி. அதை அப்படியே அச்சடித்து அனுப்பச் சொன்னார்.

எங்கள் மாற்ற வரலாறு 2018 மார்ச்சில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியது இல்லை. தொழில்நுட்பக் காரணம்.

ஜூலை 5, வெள்ளி

மோட்டார் ரிப்பேர்காரர் வரவில்லை. குடத்தில் தண்ணீர்.

மத்தியானம் மணப்பாறையிலிருந்து ஒரு பெண் பேசினார். பெயர் கலைமணி, தையற்கடை வைத்திருக்கிறார். உதவிப் பக்கத்தில் என் எண்ணைப் போட்டு வைத்தது யார் செய்த புண்ணியமோ.

"மேடம், பஸ்ஸுல கேமராப் பெட்டி இருக்கும்ல, அதுல உள்ள படம். எங்க வீட்டுக்காரரு ஏறும்போது பஸ்ஸ எடுத்துட்டாங்க. வலது காலு போயிருச்சு. ஓடுற பஸ்ஸுல தாவி ஏறுனாருன்னு பஸ்ஸுக்காரங்க சொல்றாங்க. பாத்தவங்க யாரும் சாட்சிக்கு வர மாட்றாங்க. அந்தப் படம் ஒண்ணுதான் இருக்கு. உங்க உடும்புலதான் ஓடும்னாங்க. ஆனா முக்கியமான எடத்துல நின்னுருது மேடம்."

தனியார் பஸ்களில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மாட்டிய ஒரு மலிவுப் பெட்டி அது. வேறு யாரும் பயன்படுத்தாத ஒரு வடிவத்தில் வீடியோவை எழுதும். செய்தவன் கடையை மூடிவிட்டான். அவன் கொடுத்த பிளேயர் இன்றைய கம்ப்யூட்டர்களில் திறக்காது. அந்த வடிவத்தைப் படிப்பது உலகத்தில் உடும்பு ஒன்றுதான். இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

22ஆம் தேதி விபத்துத் தீர்ப்பாயத்தில் வாய்தாவாம். ஃபைலை அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 6, சனி

பரணில் ஏறி இரண்டு பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். ஒன்று சுற்றவே இல்லை. இன்னொன்றில் என் வீட்டுக்காரர் கதிரேசனின் தங்கை கல்யாண வீடியோ.

ஜூலை 8, திங்கள்

கலைமணி அனுப்பிய ஃபைலை ஓட்டினேன். பஸ் நிறுத்தம். ஒரு அம்மா கூடையோடு இறங்குகிறார். கண்டக்டர் கீழே நிற்கிறார். அங்கே படம் உறைகிறது. நான்கு விநாடி. அடுத்து ஓடத் தொடங்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது, கூட்டம் கத்திக்கொண்டு ஓடுகிறது. இடையில் என்ன நடந்தது என்பதுதான் வழக்கே.

மாலை வரை மல்லுக்கட்டினேன். அந்த நான்கு விநாடி ஃபைலில் இருக்கிறது. அளவு தெரிகிறது. ஆனால் அந்தப் படச் சட்டங்களின், அதாவது ஃப்ரேம்களின், தலைப்பகுதி சிதைந்திருக்கிறது. என் கோடு அவற்றைக் கெட்டவை என்று ஒதுக்கிவிடுகிறது. என் கோடு சரிதான். முறைப்படி எழுதியது. பெட்டிதான் குப்பை.

ஜூலை 9, செவ்வாய்

பதிவிறக்கத் தளத்திலிருந்து மெயில். உடும்பு விஷன் அவர்களிடமும் புகார் கொடுத்திருக்கிறது. 17ஆம் தேதிக்குள் ஆதாரத்தோடு பதில் தராவிட்டால் பக்கத்தை இறக்கிவிடுவார்கள்.

அதே நாளில் ஒருவர் கேட்கிறார்: 'இந்த அழகான பிளேயரில் என் டிரோன் வீடியோ ஏன் ஓடவில்லை? உடனே சரிசெய்யவும். அவசரம்.' உடனே செய்கிறேன் ஐயா. பல்லக்கும் அனுப்புகிறேன்.

ஜூலை 11, வியாழன்

பர்வீன் மேடம் மறுபடி. "2018க்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைங்கறீங்க. பத்திரிகைல வந்தது, மெயில் குழு, ஏதாவது?"

மெயில் குழு இருந்த தளம் மூடிவிட்டது. பழைய பயனர்கள் ஆறு பேருக்கு எழுதிக் கேட்டேன். நான்கு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டாராம். ஒருவர் இப்போது மாடு வளர்க்கிறாராம்.

"ஆரம்பத்துல உங்ககூட வேற யாராவது இருந்தாங்களா மேடம்?"

"ஒருத்தர் கொஞ்ச நாள் இருந்தார்" என்றேன்.

இரவுச் சாப்பாட்டில் கதிரேசன் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சவரிகிட்ட இருக்கும்ல?" என்றார். கதிரேசன் தபால் ஆபீஸ்காரர். யாருக்கு எந்த விலாசம் என்பதில் அவருக்கு மறதியே வராது.

"இருக்கலாம்."

"கேட்டா என்னவாம்?"

"சட்னி போதுமா?"

"நீ பிளேயருக்கு உடும்புன்னு பேரு வெச்சியா, இல்ல பிளேயர் உனக்கு வெச்சுதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

கலைமணி நேரிலேயே வந்துவிட்டார், கணவரோடு. அவர் பெயர் சுந்தரம். கக்கத்தில் கட்டைகளை வைத்து லேப் படிக்கட்டில் ஏறி வந்தார். கீழேயே இருங்கள், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

திரையில் ஓட்டிக் காட்டினேன். சுந்தரம் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"இந்தா, கூடைக்காரம்மா எறங்குறாங்களா? அவங்களுக்கு அந்தப் பக்கம் நாந்தான் நிக்கிறேன். இப்ப ஏறப் போறேன் பாருங்க..."

படம் உறைந்தது. அவருடைய விரல் திரையிலேயே நின்றது. நான்கு விநாடி அவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"அவ்ளோதாங்க" என்று விரலை எடுத்துக்கொண்டார்.

"பெட்டியிலேயே கோளாறும்மா. அந்த இடம் சிதைஞ்சிருக்கு" என்றேன் கலைமணியிடம்.

"இல்ல மேடம். போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் கம்ப்யூட்டர்ல முழுசா ஓடுச்சு. நானே பாத்தேன். அவரு பழைய உடும்பு வெச்சிருந்தாரு. போன மாசம் புதுக் கம்ப்யூட்டர் குடுத்து, பழசைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பழசுல ஓடுனது புதுசுல ஏன் மேடம் ஓடல?" என்றார்.

பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

உள்ளதை எழுதிவிடுகிறேன். இது என் நோட்டுதானே.

சவரிநாதனும் நானும் ஒரே வகுப்பு. அந்த பஸ் பெட்டியின் வடிவத்தை உடைத்துப் படித்தவன் அவன். பெட்டி எழுதியதை எண் எண்ணாகப் பார்த்து ஏழு மாதம் உட்கார்ந்து எழுதினான். 2014இல் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். அதன் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. கேள்விகளுக்கும் ஏச்சுகளுக்கும் பதில் சொன்னது நான். புதுப் பதிப்புகளைக் கொண்டுவந்தது நான். தலைவலித் தைலம் தேய்த்தது நான்.

2017இல் மதுரையில் ஒரு மாநாடு. போஸ்டரில் 'உடும்பை உருவாக்கியவர் திலகவதி' என்று போட்டார்கள். நான் திருத்தவில்லை. சவரி ஒரே ஒரு வரி மெயில் போட்டான்: 'போஸ்டர்ல என் பேரும் இருந்திருக்கலாமோ?'

எனக்கு வந்த கோபம் அந்த ஒரு வரிக்கு ரொம்ப அதிகம். மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவனுக்குப் பெயர் மட்டும் வேண்டுமா என்று கொதித்தேன். அடுத்த மார்ச்சில் உடும்பைப் புதுத் தளத்துக்கு மாற்றினேன். முழு வரலாற்றோடு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். நான் கடைசிக் கோடை மட்டும் மூட்டையாகக் கட்டி எடுத்துவந்து, 'தொடக்கம் – திலகவதி' என்று முதல் வரி போட்டேன். பழைய தளத்தை அழித்தேன். பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து, பஸ் பெட்டி வடிவத்தைப் படிக்கும் பகுதியை நானே புதிதாக எழுதினேன், அவன் கோடு தேவையில்லை என்று ஆக்குவதற்காக. எழுதியவர் பெயரை நீக்கக்கூடாது என்பது எங்கள் உரிமத்தின் முதல் விதி. மாணவர்களுக்கு அதை வகுப்பெடுத்தவளே நான்தான்.

அவன் எழுதிய ஒரு வரியும் இனி இல்லை என்று ஆன அன்று பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கதிரேசன் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன்.

ஆக, வழக்குக்கு ஆதாரமும் போயிற்று, சுந்தரத்தின் நான்கு விநாடியும் போயிற்று. இரண்டும் ஒரே மூட்டையில் போயின. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காலையிலிருந்து கேமரா கம்பெனியையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஐந்து முறை எழுதி அழித்து, கடைசியில் 'பேச முடியுமா?' என்று மட்டும். மறு நிமிடமே கூப்பிட்டான்.

"திலகா, சொல்லு."

ஏழு வருடம் கழித்து, நேற்று பேசி வைத்த மாதிரி 'சொல்லு' என்கிறான். அதற்கே எரிச்சல் வந்தது.

"பழைய உடும்பு, முழு வரலாற்றோட, உன்கிட்ட இருக்கா?"

"இருக்கே. ஏன், உன்கிட்ட இல்லையா?"

"இல்ல."

"சரி" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். உம் கொட்டினான். சுந்தரத்தின் ஃபைலைப் பற்றிச் சொன்னதும் குரலே மாறிவிட்டது.

"பஸ் கிளம்பறப்ப குலுங்கும்ல, அப்ப அந்தப் பெட்டி தலைப்பகுதிய ஒழுங்கா எழுதாது. ஆனா படம் உள்ள பத்திரமா இருக்கும் திலகா. உடைஞ்சிருக்குன்னு தூக்கிப் போட்றக் கூடாது."

"நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"எதை?"

22ஆம் தேதி வாய்தா என்று பேச்சை மாற்றினேன். சாயங்காலத்துக்குள் அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லி ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

ஜூலை 15, திங்கள்

வந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் மாற்றங்கள். ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறான்.

முதல் பதிவு 2011 பிப்ரவரி 9. 'பெயர்: உடும்பு. உடைஞ்ச ஃப்ரேமையும் விடாது.' எழுதியவர்: சவரிநாதன்.

என்னுடைய முதல் மாற்றம் பதினோரு நாள் கழித்து. உதவிப் பக்கத்தில் ஒரு கமா.

அந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்! சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம். அவனுடைய வரியைப் படித்த பிறகும் நான் பெயர் வைத்த காட்சி கண்ணில் தெரிகிறது. டீக்கடை, மழை, எல்லாம்.

பர்வீன் மேடத்துக்கு அனுப்பினேன். "பிரமாதம்!" என்றார். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். "மேடம், இதுபடி பார்த்தா பேரை முதல்ல புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். நீங்க இல்ல. அவர்கிட்ட ஒப்புதல் கடிதம் வாங்கணும், அந்தப் பேரை நீங்க பயன்படுத்த."

"நான் பதிமூணு வருஷமா பயன்படுத்தறேன் மேடம்!"

"அதுக்குத்தான் ஒப்புதல்."

போனை வைத்துவிட்டு மேசையைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவனுக்கு எழுதினேன். கடித மாதிரியை அனுப்பு என்றான்.

ஜூலை 16, செவ்வாய்

கல்லூரிக்கு லீவு போட்டேன். அவனுடைய பழைய பகுதியைத் திரும்பச் சேர்க்க நாள் முழுக்கப் பிடித்தது. நான் முறைப்படி எழுதியதைவிடக் கால்வாசிதான் இருக்கிறது. அசிங்கமான கோடு. நடுவில் ஒரு குறிப்பு: 'இது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியல. தொடாதீங்க.'

நாலரை மணிக்கு ஓடியது. கூடைக்கார அம்மா இறங்குகிறார். பஸ் நிற்கிறது. அசையாமல் நிற்கிறது. சுந்தரம் வலது கையால் கம்பியைப் பிடிக்கிறார், இடது காலைப் படியில் வைக்கிறார், வலது கால் இன்னும் தரையில். கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தபடி விசிலை வாயில் வைக்கிறார். பஸ் நகர்கிறது. மீதியை நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

கலைமணிக்கு ஃபைலும் புதுப் பதிப்பும் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"நின்ன பஸ்ஸுலதான் ஏறுனாரு மேடம்."

"ஆமாம்மா."

"நானே நடுவுல ஒரு நாளு கேட்டுட்டேன் மேடம், நெசமாவே தாவுனீங்களான்னு. அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல." அழுதார். நானும்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். கதிரேசனே கொழுக்கட்டை பிடித்தார், கல் மாதிரி. மோட்டார் ஒருவழியாக ஓடுகிறது.

பதில் அனுப்பக் கடைசி நாள். ஆதாரம் ஏன் என் தளத்தில் இல்லாமல் இன்னொருவரிடமிருந்து வருகிறது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் நான் விளக்க வேண்டுமாம். 'தொழில்நுட்பக் காரணங்களால் பழைய பதிவுகள் கிடைக்கவில்லை' என்று எழுதி அனுப்பினேன். பர்வீன் மேடம் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பினார்.

"எதிர்த்தரப்பு முதல்ல இதைத்தான் பிடிப்பாங்க. என்ன தொழில்நுட்பக் காரணம்?"

கதிரேசன் காபி வைத்துவிட்டுப் போனார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

பிறகு எழுதினேன்: 'மென்பொருளை முதலில் எழுதி அதற்குப் பெயரிட்ட திரு. சவரிநாதனின் பெயர் தெரியாமல் இருப்பதற்காக, 2018 மார்ச்சில் பழைய பதிவுகளை நானே அழித்தேன்.'

கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. பதிவிறக்கத் தளத்துக்கும் அதே நகல். பழைய வரலாறு முழுவதையும் பொதுவில் ஏற்றிவிட்டேன். கமா உட்பட.

ஜூலை 22, திங்கள்

தீர்ப்பாயத்தில் படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்களாம். தாவி ஏறினார் என்ற பேச்சை பஸ் தரப்பு வக்கீல் இன்று எடுக்கவே இல்லையாம். அடுத்த வாய்தா ஆகஸ்டில். சுந்தரம் போனை வாங்கி, "ரொம்ப நன்றிங்க" என்றார். நன்றி எனக்கு இல்லை, சவரி என்று ஒருவர் இருக்கிறார் என்று எண்ணைக் கொடுத்தேன்.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு மாத அவகாசம் கேட்டிருக்கிறார்கள். அதுவரை பக்கத்தை இறக்கப்போவதில்லை என்று தளத்திலிருந்து பதில் வந்தது. பெயர் இப்போதைக்குத் தப்பித்தது. கேட் கேமரா திரும்பவில்லை என்று இன்றும் ஒரு மெயில்.

ஜூலை 23, செவ்வாய்

ஒப்புதல் கடிதத்தின் நகலை அவன் நான் கேட்ட அன்றைக்கே பர்வீன் மேடத்துக்கு நேராக அனுப்பிவிட்டான். மூலக் கடிதம் இன்றுதான் தபாலில் வந்தது. கதிரேசனே ஆபீசிலிருந்து கையோடு கொண்டுவந்தார். பிரிக்காமல் அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, பாத்திரம் எல்லாம் தேய்த்து முடித்த பிறகு எடுத்தேன்.

நான் தட்டச்சு செய்து அனுப்பிய வரிதான். 'உடும்பு என்ற பெயரைத் திருமதி திலகவதி பயன்படுத்துவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' அதன் கீழே முத்திரைத்தாள் மாதிரி விறைப்பாக அவன் கையெழுத்து, தேதி, ஊர்.

அதற்கும் கீழே, பால்பாயின்ட் பேனாவில், வகுப்பில் எனக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்த அதே கோணல் எழுத்தில் ஒரு வரி:

'எப்பவுமே இருந்ததில்ல திலகா.'